மூன்று மாத முதலாளி

செஞ்சியில் முதலாளியை மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்ற ஆள், விசாரித்த வரையில், தேவேந்திரன் ஒருவன்தான். இந்தப் பக்கத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஆளைப் பார்ப்பார்கள். கை காலைப் பார்ப்பார்கள், ஊர் பேரைக் கேட்பார்கள், தெரு பேரைக் கேட்பார்கள். தெரு பேரைக் கேட்டபிறகு பெரும்பாலும் வேறு எதையும் கேட்கமாட்டார்கள். ஆள் முதலாளியைப் பார்ப்பது என்பது, பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் எழுந்து மாப்பிள்ளையைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்வது மாதிரி.

திண்டிவனம் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ராஜாங்கத்தின் அரிசி ஆலை இருக்கிறது. நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைக்கிற புழுங்கல் ஆலை. ஆவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லருக்கு உமியும் தண்ணீரும் வேண்டும். அத்தோடு சர்டிபிகேட் வாங்கிய ஒரு ஆளும் வேண்டும் என்று சோதனைக்கு வந்த அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இருந்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் போனவன்தான். மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் வாங்கிய நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில்தான் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் பதினோரு வருடம் பாய்லர் ஓட்டிய தேவேந்திரன் பொங்கலுக்கு வந்திருக்கிறான் என்று ராஜாங்கத்துக்குத் தகவல் போயிற்று.

கூப்பிட்டு அனுப்பினார். போனான். பர்மனென்ட் வேலை, பி.எஃப். உண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு இன்றைக்கே அடுப்பைப் பற்றவைக்கலாம் என்றார். தேவேந்திரன் நின்றபடியே கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்.

"மூணு மாசம் காண்ட்ராக்ட்டா வரேன் மொதலாளி. அதுக்கப்பறம் சொல்றேன்."

"இன்னாத்துக்குய்யா மூணு மாசம்?"

"உங்கள பாக்கணும்."

ராஜாங்கம் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "என்னவா? நான்தான்யா உன்ன பாக்கணும்."

"என்ன பாக்கறதுக்கு சர்டிபிகேட்டு இருக்குது. உங்கள பாக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் இதற்கு முன் எத்தனையோ பேரை வெளியே போகச் சொன்ன கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சரி என்றார்.

*

தேவேந்திரன் இப்படிக் கேட்டது திமிரினால் அல்ல. திமிருக்கெல்லாம் தெம்பு வேண்டும். கல்யாணமான புதிதில் ஆரணிப் பக்கம் ஒரு ஆலையில் பர்மனென்ட் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்து, ஒரிஜினலைக் கொடுத்து, அதை அந்த முதலாளி பீரோவில் பூட்டுவதைச் சந்தோஷமாகப் பார்த்தவன் அவன். அங்கே பாய்லரின் சேஃப்டி வால்வு லீவரில் ஒரு கல் தொங்கியது. ஆவி அளவுக்கு மேல் ஏறினால் அந்த வால்வு தானாகத் திறந்து பீறிட வேண்டும், அதுதான் அதன் ஒரே வேலை. கல்லைத் தொங்கவிட்டால் திறக்காது. ஆவியும் வீணாகாது, வேலையும் சீக்கிரம் முடியும், வெடிக்கும்வரை எல்லாருக்கும் லாபம். வேண்டாம் என்று இவன் அவிழ்ப்பான், முதலாளி கட்டச் சொல்வார். வேலையை விடுகிறேன் என்றால் பீரோச் சாவி தொலைந்துபோகும். இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு முழுசாகத் திரும்புவோமா என்று யோசித்துக்கொண்டே அடுப்புக்கு முன்னால் நின்றான். கடைசியில் அந்த முதலாளி செத்துப்போனதால்தான் சர்டிபிகேட் கிடைத்தது.

அதன்பிறகு ஒரகடம். அங்கே எல்லாமே காண்ட்ராக்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'பாக்கலாம்' என்பார்கள். எட்டுப் பேர் இருந்த அறையில் ஷிஃப்ட் மாற்றிப் படுத்ததில், மூன்று வருடம் ஒன்றாக இருந்த ஒருவனின் முகத்தை விழித்த நிலையில் அவன் பார்த்ததே இல்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், அதில் நின்றுகொண்டே வந்து, செஞ்சியில் இறங்கி, ஒரு பகல் வீட்டில் தூங்கிவிட்டுத் திரும்பப் போவான். மகள் ரஞ்சனி ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டாள். சிறுவயதில் அவள் அப்பா என்றால் தூங்குகிற ஒருவர் என்று நினைத்திருந்தாளாம்.

பதினோரு வருடம் எல்லாரும் தன்னை மூன்று மூன்று மாதமாகப் பார்த்தார்களே, ஒருமுறை நாமும் பார்ப்போமே என்று அவனுக்குத் தோன்றியதில் பெரிய தப்பில்லை. ஆனால் பின்வாசல் ஒன்றையும் திறந்தே வைத்திருந்தான். ஒரகடத்தில் ஆள் அனுப்புகிற எழிலன், சித்திரை ஒன்றாம் தேதிவரைக்கும் உன் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் ஒரிசாப் பையனைப் போட்டுவிடுவேன் என்றிருந்தான். ஆக, சித்திரைக்குள் ராஜாங்கத்திடம் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் எட்டுப் பேர் அறை.

மனைவி மீனம்பாளிடம் இதைச் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அங்கன்வாடியில் ஆயிரம் குழந்தைக்குச் சோறு போட்ட கை, கீரையை ஒரே இழுப்பில் உருவும். கேட்டுவிட்டுக் காம்பை மட்டும் கொஞ்சம் தூரமாக எறிந்தாள்.

*

மறுநாள் காலை அவன் ஆலைக்குள் நுழைந்தபோது ராஜாங்கம், "வாங்க தேவேந்திரன்" என்றார். களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் உட்படப் பதினெட்டு பேரும் யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று வாசலை எட்டிப்பார்த்தார்கள். தேவேந்திரனும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

தேவேந்திரன் வீட்டாரிடம் வாங்க போங்க என்பது ராஜாங்கத்தின் குடும்பத்துக்குப் பழக்கமான பேச்சல்ல. தேவேந்திரனின் நைனா வீராசாமி, ராஜாங்கத்தின் அப்பா காலத்தில் அவர்கள் களத்தில் நெல் தூற்றியவர். அந்தக் களத்தைத்தான் இப்போது சிமெண்ட் போட்டு ஆலைக் களமாக மாற்றியிருந்தார்கள்.

வேலை வேலையாகத்தான் இருந்தது. விடியுமுன்னே அடுப்பைப் பற்றவைத்து, உமியைத் தள்ளித் தள்ளிவிட்டு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, ஆவி முள் ஏறுகிறவரை காத்திருந்து, தொட்டிக்கு வால்வைத் திறப்பான். அவிந்த நெல்லின் வாசனை சாலைவரை போகும். ஒன்பது மணிக்கு மேல் எதிரே செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் பாறைகள் சூடேறத் தொடங்கும். முன்னால் பாய்லர், பின்னால் மலை என்று இரண்டு அடுப்புக்கு நடுவில் நிற்கிறவனுக்கு மத்தியானச் சோறு இறங்காது. உமிச் சாம்பல் காதுக்குள், மூக்குக்குள், பல்லிடுக்கில் எல்லாம் போய் உட்காரும். மாலை குளித்தால் முதல் மூன்று சொம்புத் தண்ணீர் கறுப்பாக ஓடும். கூட இருந்த உதவியாள் கன்னியப்பன் குளிப்பதையே விட்டுவிட்டான். எப்படியும் நாளைக்கு இதே கலர்தானே என்பது அவன் கட்சி.

மாறியது ராஜாங்கம்தான். தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு அவரை ஆட்டிவைத்தது. முதல் வாரம் கத்துவதை நிறுத்தினார். இரண்டாவது வாரம் டீயில் பால் தெரிந்தது. கழிவறைக்கு நான்கு வருடமாகக் கதவுக்குப் பதில் ஒரு சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தேவேந்திரன் அந்தச் சாக்கைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்போது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். மறுநாள் கதவு வந்துவிட்டது, உள்தாழ்ப்பாளோடு.

இதைக் களத்துப் பெண்கள் கவனித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் ஆண்டாள். ஐம்பது வயது, நெல்லைக் காலால் உழுதபடியே பத்துப் பேர் குடும்பக் கதையைத் தீர்த்துவைப்பவள். குடிதண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது, அந்தப் பக்கம் வந்து கொஞ்சம் பார்த்துவிட்டுப் போ தம்பி என்று தேவேந்திரனைக் கூப்பிட்டாள். பார்த்துவிட்டு வந்தான். கேன் தண்ணீர் வந்தது. களத்து ஓரத்தில் நிழலில்லை என்றாள். அவன் அங்கே போய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான். தகரக் கொட்டகை வந்தது. அவனுக்குத் தன் கண்ணைப் பார்த்தே பயம் வந்துவிட்டது. எங்கும் திரும்ப யோசித்தான்.

*

மாசியில் பெய்யக்கூடாத மழை ஒன்று பெய்தது. இரண்டு நாள் நிற்கவில்லை. உமிக் குவியலுக்குப் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் கிழிந்து உமி நனைந்துவிட்டது. நனைந்த உமி எரியாது, புகையும். இரண்டு தொட்டி நெல் ஊறி முடிந்து அவிக்கக் காத்துக்கிடந்தது. நேரத்துக்கு அவிக்காவிட்டால் ஊறல் நாற்றம் அடிக்கும், அந்த அரிசியைக் கோழிக்குத்தான் போட வேண்டும்.

தேவேந்திரன் காலையிலிருந்து காய்ந்த உமியைத் தோண்டித் தோண்டி எடுத்துப் போட்டு, கண் எரிய ஊதி, மத்தியானத்துக்குள் ஆவியை ஒருவழியாக மேலே கொண்டுவந்தான். ஒரு தொட்டிக்குத்தான் காணும். இரண்டையும் ஒன்றாக அவிக்க வேண்டுமென்றால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் வால்வு திறந்துகொள்ளும். ராஜாங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். முள்ளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், வால்வின் லீவரைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பக்கம் குனிந்தாலும் கைக்கு ஒன்று கிடைக்கும்.

அவர் தாடை அசைந்தது. எதையோ மென்று விழுங்கினார். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஒரு தொட்டி தப்பித்தது. இன்னொன்று நாறியது. அந்த நாற்றம் ஆலையில் நாலு நாள் இருந்தது. நாலு நாளும் ராஜாங்கம் "வாங்க தேவேந்திரன்" என்றுதான் சொன்னார். ஆனால் பல்லைத் திறக்காமல் சொன்னார்.

*

பங்குனி பாதி தாண்டியதும் ஆண்டாள் மூன்று பெண்களோடு பாய்லர் கொட்டகைக்கு வந்தாள். கையில் ஒரு தூக்கில் கேழ்வரகுக் கூழ், காகிதத்தில் கருவாடு. வந்தது எதற்கென்று தேவேந்திரனுக்குப் புரியவில்லை. அவனைக் குடிக்கவிட்டு அவள் நிதானமாக ஆரம்பித்தாள்.

"நீ பர்மனென்ட் ஆவாத தம்பி."

"இன்னாக்கா சொல்ற?"

"நீ காண்ட்ராக்ட்டா இருக்கற வரைக்கும்தான் அந்தாளு மனுசன். கையெழுத்து போட்டன்னு வையி, மறுநாளே கதவ கழட்டிடுவான். இன்னும் மூணு மாசம் பாக்கறன்னு சொல்லு. கேண்டீன் கேக்கலாம்னு இருக்கறோம்."

"எனக்கு ஒரகடத்துல எடம் சித்திர வரைக்கும்தான்கா."

"அதெல்லாம் உன் கத. எங்க கதையையும் பாரு. உன்ன மாதிரி ஒரு ஆளு எங்களுக்கு எப்ப கெடைப்பான்? நீ ஒண்ணுமே செய்யறதில்ல, சும்மா பாக்கற, அதுக்கே இவ்ளோ நடக்குது."

கன்னியப்பன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சிரித்தான்.

கூழ் நன்றாக இருந்தது. ஆனால் அதைக் குடித்தபின் தேவேந்திரனுக்குக் கை ஓடவில்லை. அதுவரை அவன் கணக்கு நேராக இருந்தது. மூன்று மாதத்தில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, எனவே நல்லவர், எனவே கையெழுத்து. இப்போது பார்த்தால், மூன்று மாதமாகத் தான் பார்த்தது ராஜாங்கத்தை அல்ல. தன்னால் பார்க்கப்படுகிற ராஜாங்கத்தை. பார்ப்பதை நிறுத்தினால் என்ன ஆவார் என்பதைப் பார்க்காமல் எப்படிப் பார்ப்பது?

அன்று மாலை வீட்டில் இதையே மீனம்பாளிடம் சொன்னான். அவள் ரஞ்சனியின் சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம்? போவப்போறியா?" என்றாள்.

"யோசிக்கிறன்."

"நான் ஒண்ணு கேக்கட்டா? நீ நல்ல மொதலாளிய தேடலய்யா. திரும்பிப் போறதுக்கு ஒரு காரணம் தேடற. கெட்டவனா இருந்தா கெட்டவன்னு போயிருப்ப. நல்லவனா இருக்கறான், அதுலயும் கொற. பதினோரு வருசமா போயிப்போயி உனக்கு அதுவே பழகிப்போச்சி." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ போனா போ. நாங்க பாத்துக்குவோம், பாத்துக்கினுதான இருந்தோம். ஆனா மொதலாளி சரியில்லன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாத."

தேவேந்திரன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனான். நான்கு சொம்புக்கும் தண்ணீர் கறுப்பாகவே ஓடியது.

*

பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராஜாங்கம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். எதிரே நாற்காலி போட்டிருந்தது. மேசைமேல் வேலை உத்தரவு, பேனா, ஒரு தட்டில் மிக்சர். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.

"உக்காருங்க. நான் பாஸா பெயிலான்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிர்றேன். என்னால முடியல."

"இன்னா முடியல மொதலாளி?"

"இந்த வாங்க போங்க. இந்தக் கத்தாம இருக்கறது. மூணு மாசமா மூச்ச புடிச்சிக்கினு இருக்கறன். எல்லாத்தையும் அடக்கிக்கினு போயி வூட்ல கத்தறன். அவ, மில்லுல கத்திட்டு வாய்யா, இன்னாத்துக்கு இங்க கொண்டாந்து கொட்டறன்றா. சுகர் ஏறிப்போச்சி. டாக்டரு இன்னா டென்ஷன்னு கேக்கறாரு. என்ன ஒரு ஆளு பாத்துக்கினு இருக்கறான்னு சொல்ல முடியுமா?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கி மழையில கல்ல கட்டுடான்னு வாய் வரைக்கும் வந்துச்சி."

"தெரியும்."

"நான் நல்லவன்லாம் இல்ல. நீ பாத்துக்கினு இருந்த, வாய மூடிக்கினன். அவ்ளோதான். இதுக்கு மேல நடிக்கத் தெம்பில்ல எனக்கு. வர்றதுன்னா இந்த ஆளுகிட்ட வா. இல்லன்னா போ."

தேவேந்திரன் அவரைப் பார்த்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தார்.

"நானும்தான் மொதலாளி" என்றான்.

"நீ இன்னா?"

"நான் எங்க வேல செஞ்சாலும் மாசத்துக்கு ரெண்டு நாளு சொல்லாம கொள்ளாம நின்னுடுவன். நெருப்புகிட்டயே நின்னா ஒடம்பு ஒருநாள் எந்திரிக்காது. இங்க ஒருநாள்கூட நிக்கல. ஊர்ல மொதலாளிய பாக்கறவன், அவனே ஒழுங்கா இல்லன்னா சிரிப்பாங்கன்னு ஜுரத்தோட வந்தன். போன வாரம் நூத்திமூணு."

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவருக்கும் அதற்கான தெம்பில்லை. ராஜாங்கம் மிக்சர்த் தட்டை அவன் பக்கம் தள்ளினார். இருவரும் கொஞ்ச நேரம் வேர்க்கடலையாகப் பொறுக்கித் தின்றார்கள்.

பிறகுதான் பேச்சு ஓடியது. மாதத்தில் இரண்டு நாள் வேலைக்கு வராமல் நிற்கலாம், ஆனால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். ஒரிஜினல் அவன் வீட்டிலேயே இருக்கும், ஆலைக்கு ஜெராக்ஸ். வால்வுப் பக்கம் முதலாளியின் கை மட்டுமல்ல, கண்ணும் போகக்கூடாது. போட்ட கதவும் கொட்டகையும் போட்டது போட்டதுதான். ராஜாங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தன் பக்கம் ஒன்றே ஒன்று கேட்டார். வேலை கெட்டால் திட்டுவேன், அதை மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது.

"திட்டுங்க. டேய்னு மட்டும் கூப்டாதீங்க."

"அதெல்லாம் வாய்ல தன்னால வர்றதுய்யா."

"தெரியும். நீங்க காலேஜ் லீவுல வருவீங்க. இதே களத்துல கட்டில போட்டு உக்காந்துக்கினு, 'டேய் வீராசாமி, தண்ணி மோந்தாடா'ன்னு எங்க நைனாவ கூப்டுவீங்க. அவருக்கு நாப்பத்தஞ்சி வயசு. நான் பக்கத்துல நிப்பன். மோந்து குடுத்துட்டு, என்னப் பாக்காம போவாரு."

ராஜாங்கம் பேனாவை மூடினார், திறந்தார். வெளியே ஆண்டாள் யாரையோ அதட்டுவது கேட்டது. நெல்லை வாரும் சத்தம் வந்து வந்து நின்றது.

"உங்க நைனா இருக்கறாரா?"

"போயிட்டாரு. ஆறு வருசம் ஆவுது."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவேந்திரன் எழுந்து போயிருப்பானோ என்னவோ. பிறகு, "டேய் இல்லாம எப்டிய்யா திட்ட ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

"பேர் இருக்குது. அதுலேந்து ஆரம்பிங்க."

"பேரு நீளமா இருக்குது. சொல்லி முடிக்கறதுக்குள்ள கோவம் போயிடும்."

"போவட்டும்."

அவர் பேசியதையெல்லாம் உத்தரவின் அடியில் எழுதி, அதைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். தேவேந்திரன் கையெழுத்துப் போட்டான். விரலில் இருந்த சாம்பல் தாளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ராஜாங்கம் அதை ஊதிப் பார்த்தார், போகவில்லை.

களத்தைத் தாண்டும்போது ஆண்டாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "போட்டுட்டியா?" என்றாள். போட்டுவிட்டேன் என்றான். "போச்சி போ, கேண்டீனு" என்று சொல்லிவிட்டு நெல்லுக்குத் திரும்பினாள்.

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சனி டியூஷன் போயிருந்தாள். எழிலனுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தேவேந்திரன் உள்ளே நுழைந்தான். மீனம்பாளிடம் தாளைக் காட்டினான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். சாம்பல் கறையையும் வாசித்தாள். 

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு பையை இழுத்தாள். அவன் சென்னைக்கு எடுத்துப்போகிற கறுப்புப் பை. கனமாக வந்தது. ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். மடித்த லுங்கி இரண்டு, துண்டு, பனியன்கள், பேஸ்ட், கவர் பிரிக்காத பிரஷ், ஒரு டப்பா இட்லிப்பொடி.

"இத எப்ப கட்டி வெச்ச?" என்றான்.

"தையில. நீ மூணு மாசம்னு சொல்லிட்டு வந்தியே, அன்னிக்கே."

"நான் போயிடுவன்னா?"

"போவும்போது தேடிக்கினு நிக்கக்கூடாதுல்ல." இட்லிப்பொடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். லுங்கிகளை உதறிக் கொடியில் போட்டாள். மூன்று மாத மடிப்பு அதில் கோடு கோடாக நின்றது. காலிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். பழைய பஸ் டிக்கெட்டுகள் உதிர்ந்தன.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.  உடம்பு முழுக்க அசதி. அவள் பையை அவன் மடியில் வைத்தாள்.

"நாளைக்கி ரேஷன்ல அரிசி போடறான். விடியக்காலமே போயி நின்னாத்தான் கெடைக்கும். பதினோரு வருசம் நான் நின்னுட்டன்."

"நாளைக்கி வேலைக்கு…"

"முன்னாடி நாளே சொல்லிட்டா நிக்கலாம்னு இதுல எழுதியிருக்குது" என்று தாளைத் தட்டிக் காட்டினாள். "இன்னும் மணி ஆறரைதான். போன் பண்ணு."

பண்ணினான். மறுமுனையில் ராஜாங்கம் பெரிதாக மூச்சை இழுப்பது கேட்டது. கையெழுத்து காய்ந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"தே…வேந்திரா" என்று ஆரம்பித்து, சொல்லி முடித்து, நின்றார். பிறகு, சரி, போய்த் தொலை என்றார்.